நாய்க்குட்டி கடிக்காதிருக்கப் பழக்குதல்

வீட்டிற்குப் புதிதாக வந்த நாய்க்குட்டி உங்கள் விரலையும் கணுக்காலையும் ஓயாமல் கவ்வுகிறதா? பெரும்பாலும் இது சினத்தால் நிகழ்வதன்று. குழந்தை கையால் தொட்டு அறிவதைக் குட்டி வாயால் அறிகிறது. ஏறத்தாழ 3 வாரத்தில் முளைக்கத் தொடங்கும் 28 பால்பற்களும் ஊசிபோல் கூர்மையானவை. நான்காம் மாதம் முதல் அவை விழுந்து, 6 அல்லது 7 மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு தினவெடுப்பதால் கடிக்கும் பழக்கம் மிகும்.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறந்த குட்டிகளிடம்தான் முதலில் கற்கிறது. கடி வலித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விலகும், விளையாட்டு நின்றுவிடும். ஆகவே 8 வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிக்கு இப்பாடம் குறைவாகவே கிடைத்திருக்கும். அதனை நீங்களே கற்பிக்க வேண்டும்.

பழக்கும் முறை

பல் உங்கள் தோலில் பட்டவுடன் கையை வெடுக்கென இழுக்காதீர்கள். அசையும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு; இழுத்தால் அது மேலும் பாயும், பல் கீறிக் காயமும் பெரிதாகும். கையை அசைக்காமல் தளர்த்தி, "வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் ஒருமுறை கூறி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விடாமல் கடித்தால் எழுந்து அரை நிமிடம் விலகி நில்லுங்கள். அமைதியானதும் கடிப்பதற்குரிய ரப்பர் பொம்மையையோ, முறுக்கி நனைத்துக் குளிரூட்டிய துணியையோ கொடுங்கள். அதனைக் கடிக்கும்போது பாராட்டுங்கள். சமைத்த எலும்பு வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

அடிப்பதும், வாயை இறுக்கிப் பிடிப்பதும் பயனற்றவை. கை என்றாலே அஞ்சும் குட்டி, வளர்ந்தபின் அச்சத்தால் கடிக்கும். வீட்டில் ஒருவர் விலகி நிற்க, மற்றொருவர் விரலை நீட்டி விளையாட்டுக் காட்டினாலும் பழக்கம் நிலைக்காது. (பெரும்பாலான வீடுகளில் தடங்கல் இங்கேதான்.) மாலை வேளையில் குட்டி கட்டுக்கடங்காமல் கடித்தால் அது களைத்திருக்கலாம். நாளொன்றுக்கு 18 மணி நேரத்திற்கும் மேல் அதற்கு உறக்கம் தேவை. அமைதியான இடத்தில் படுக்கவிடுங்கள்.

ஓடும் குழந்தையும், அசையும் சேலைத் தலைப்பும், வேட்டி நுனியும் குட்டியைத் தூண்டும். அசையாமல் மரம்போல் நிற்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர் உடனில்லாமல் குழந்தையையும் குட்டியையும் ஓரிடத்தில் விடக்கூடாது. உடலை விறைப்பாக்கி உறுமுதல், உணவருகே சென்றால் சீறுதல் ஆகியவை விளையாட்டல்ல. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் பட்டுவிட்டால்

"குட்டிதானே" என்று பலர் சிறு கீறலைப் பொருட்படுத்துவதில்லை. ரேபிஸ் நோய்க்கு வயது வேறுபாடு கிடையாது. தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டியின் தாய் தடுப்பூசி பெற்றதா என்பது பெரும்பாலும் தெரியாது. குட்டிக்கோ வழக்கமாக 3 மாத வயதில்தான் முதல் தடுப்பூசி போடப்படுகிறது. அறிகுறி தோன்றியபின் இந்நோயாளி பிழைப்பது மிக அரிது. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் நோயை முற்றிலும் தவிர்க்கலாம்.

தோல் கீறியிருந்தால், இரத்தம் வராவிட்டாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28 ஆம் நாட்களில் அடுத்த ஊசிகள் போடப்படும். பல் தோலைத் துளைத்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்தப்படும். குட்டியை 10 நாள் கண்காணிக்க வேண்டும் என்பது உண்மையே. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பே முழுத் தவணையும் போட்டிருந்தால் அதனை மருத்துவரிடம் கூறுங்கள். ஊசிகளின் எண்ணிக்கை குறையலாம்.

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், நீரிழிவு உடையோர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு நாயின் எச்சிலிலுள்ள பாக்டீரியாக்களாலும் கடுந்தொற்று ஏற்படலாம். நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவருக்கு இரத்தம் வராத கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் என்பதால், உங்கள் நோயையும் உட்கொள்ளும் மருந்துகளையும் முதலிலேயே தெரிவியுங்கள். காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.