ஆறு மில்லிமீட்டர் ஓட்டையும் ஐயாயிரம் லிட்டர் விஷமும்

சிட்னியில் வெண்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு பார்க்கும் நம்மவர்கள் ஸ்கூல் பார்ப்போம், ஸ்டேஷன் பார்ப்போம், இந்தியக் கடை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்க மாட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் குளிர ஆரம்பித்ததும் சுண்டெலி நுழைவது அந்த மாதிரி இடங்கள் வழியாகத்தான்.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. கராஜில் வைத்திருந்த 20 கிலோ அரிசி மூட்டையின் மூலையில் ஓட்டை, சுற்றிலும் கருஞ்சீரகம் சிந்தியது போல எச்சம். போனில் சொன்னால் அம்மா சிரிக்கிறார், "ஆஸ்திரேலியாவுல கூடவாப்பா எலி?"

இருக்கிறதம்மா, தாராளமாக இருக்கிறது. 2021இல் நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத்தையே சுண்டெலி படை புரட்டிப் போட்டது. வெலிங்டன் ஊர் சிறைச்சாலையில் எலிகள் வயர்களையும் கூரையையும் கடித்து நாசமாக்க, ஜூன் மாதம் சுமார் 420 கைதிகளை வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். மாநில அரசு 5 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது. புரோமாடியோலோன் என்ற கடும் எலி விஷத்தை இந்தியாவிலிருந்து 5,000 லிட்டர் ஆர்டர் செய்தது. ஆனால் அதை வயல்வெளியில் பயன்படுத்த, நாட்டின் பூச்சிமருந்து ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தரவில்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் மற்ற உயிர்களும் சாகும் என்பதுதான் கவலை.

வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்து விஷங்கள் நம் சூப்பர்மார்க்கெட் ஷெல்ஃபில் சாதாரணமாகக் கிடைத்தன. இவை ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும். தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அப்போது ஆந்தைக்கு அது சுலபமான இரை. விஷம் ஆந்தையின் ஈரலில் போய்த் தங்குகிறது. செத்துக் கிடந்த ஆந்தைகளைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். நமக்குக் காசில்லாமல் எலி பிடித்துத் தருகிற பறவையை நாமே கொல்கிறோம்.

மனிதருக்கும் ஆபத்து உண்டு. அது வேறு வகை மருந்து என்றாலும் 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் நடந்ததை மறக்க முடியாது. வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் விஷத்தைக் கடைசி வழியாகக்கூட நான் சொல்ல மாட்டேன்.

அப்போ என்னதான் செய்வது? என் தொழில் பாஷையில் சொன்னால், அலாரத்தை அணைப்பதை விட்டுவிட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். பென்சில் நுழைந்தால் எலியும் நுழையும். சிங்க் குழாய் சுவரில் போகிற இடம், டிஷ்வாஷர் பின்புறம், கராஜ் கதவின் அடிப்பகுதி மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்து மேலே சீலன்ட் பூசுங்கள். வெறும் ஃபோம் என்றால் கடித்துத் துப்பிவிடும்.

அரிசி, பருப்பு, அப்பளம் எல்லாம் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவுக்குப் போகட்டும். பாட்டி காலத்துச் சம்படம் சும்மா வந்ததில்லை. பிறகு பழைய ஸ்ப்ரிங் பொறி. எலி சுவரோரமாகவே ஓடும் என்பதால் பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள், பிள்ளைகள் கை படாத இடமாகப் பார்த்து. பட்டாணி அளவு பீநட் பட்டர் போதும். ஒன்றிரண்டு போதாது, ஆறேழு வையுங்கள். சுண்டெலி பிறந்த ஆறு வாரத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். சினைக்காலம் மூன்றே வாரம். தள்ளிப்போட்டால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். எச்சத்தைப் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள்; கிளவுஸ் போட்டு, கிருமிநாசினியில் நனைத்துத் துடையுங்கள்.

வாடகை வீடா? ஓட்டை உடைசல்களைச் சரிசெய்து தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு ஈமெயில் போடுங்கள். "நம்ம சமையலைக் குறை சொல்வாங்களோ" என்று புதிதாக வந்த குடும்பங்கள் பல வாயைத் திறப்பதில்லை. சுண்டெலிக்கு சாம்பாரும் ஒன்றுதான், சீரியலும் ஒன்றுதான். அது ஓட்டையைத் தேடி வருகிறது, உங்கள் ஊரைத் தேடி அல்ல. பக்கத்து வீட்டுக்காரரிடமும் தயங்காமல் கேளுங்கள். அவர் வீட்டுச் சுவரிலும் அதே ஓட்டை இருக்கும்.