உயரம் யாருக்கு, தொலைவு யாருக்கு? பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளும் போக்குவரத்து உரிமையும்

சென்னையின் தெற்கே நீளும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கடந்த கால் நூற்றாண்டில் இரண்டு வகை அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், அவற்றில் பணியாற்றுவோருக்காகக் கட்டப்பட்ட தனியார் குடியிருப்புகளும் ஒரு வகை. கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் மற்றொரு வகை. முதல் வகைக்கு மக்கள் விலை கொடுத்து வந்தார்கள். இரண்டாவதற்கு அவர்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டார்கள்.

இப்போது இதே நிலப்பரப்பில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் நடைபெறுகின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை செல்லும் தடம் இந்தச் சாலையின் மேலாகவே போகிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் மற்றொரு தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வந்து சேர்கிறது. மெட்ரோ வரும் இடங்களில் மேலும் உயரமாகக் கட்ட அனுமதிக்க வேண்டும் என்ற பேச்சு நாளேடுகளின் மனைவணிகப் பக்கங்களை நிறைத்திருக்கிறது. இந்தப் பேச்சில் நம் மக்களின் இடம் எது என்பதைச் சட்டத்தின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உயரத்தை அளக்கும் கணக்கைப் புரிந்துகொள்வோம். ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., முடிவு செய்கிறது. குறியீடு 2 என்றால் 10,000 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 20,000 சதுர அடி கட்டலாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்டதை உயர்கட்டடம் என வரையறுத்தன. 18 மீட்டர் அகலச் சாலையை ஒட்டிய உயர்கட்டடத்துக்கு 3.25 வரை குறியீடு வழங்கின. அதற்கும் மேல், நிலத்தின் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய கட்டணம் செலுத்தினால் 50 விழுக்காடு வரை கூடுதல் குறியீடும் பெறலாம். அதே 10,000 சதுர அடி மனையில் 32,500 சதுர அடி என்பது 48,750 சதுர அடியாக வளர்கிறது. வானத்தை அரசு விற்கிறது என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையில் விற்கப்படுவது வானமன்று. பொதுப் பணத்தில் போடப்பட்ட சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தடம், இனி மெட்ரோ ஆகியவை அந்த மனைக்குத் தரும் மதிப்பே விலையாகிறது.

இவ்விதிகளில் நாம் உற்றுநோக்க வேண்டியது, உயரம் சாலையின் அகலத்தோடு கட்டப்பட்டிருப்பது. சாலை குறுகினால் அனுமதிக்கப்படும் உயரமும் குறியீடும் குறைகின்றன. அதிகம் பேர் ஓரிடத்தில் வாழ்ந்தால் அவர்கள் வந்துபோக வழி வேண்டும், தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும் என்பது அதன் காரணம். அடர்த்தியையும் போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் பெரும்பாக்கத்துக்கு என்ன கணக்குப் போட்டார்கள்? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகரில் 15,656 வீடுகள். ஆழிப்பேரலைக்குப் பின் நிரம்பிய செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில் கட்டப்பட்ட பெரும்பாக்கத்தில், எட்டுத் தளக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை கொண்ட அந்தப் பெரும்பாக்கம், மக்கள் குடியேற்றப்பட்டபோது ஒரு கிராம ஊராட்சி. மாநகராட்சி எல்லைக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்தில் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் ஊராட்சி மன்றத்திடம் போக வேண்டியிருந்தது. மாநகரின் வரிப்பணம் அந்த எல்லைக்கோட்டுக்கு இப்பாலேயே நின்றுவிடும். உயரத்தில் மாநகரம், நிர்வாகத்தில் கிராமம் என்ற இந்த ஏற்பாட்டைத் திட்டமிடலின் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து செல்ல நம்மால் முடியவில்லை.

ஏனெனில் அங்கே அனுப்பப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. குடிசைப்பகுதி மக்களில் அவர்கள் 20.4 விழுக்காடு. தமிழ்நாட்டின் குடிசைப்பகுதிகளில் அவர்களின் பங்கு இதைவிடவும் அதிகம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் துப்புரவுப் பணியாளர்கள், சுமைதூக்குவோர், கட்டடத் தொழிலாளர்கள், மீன் விற்கும் பெண்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோரே மிகுதி. ஊரின் உழைப்புக்கு வேண்டும், ஊருக்குள் வேண்டாம் என்று சேரியை ஊருக்கு வெளியே வைத்த பழைய வழக்கம், நகரத்தில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு.

மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் துலக்கத் தொடங்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். நதிக்கரையில் இருந்தபோது நடந்து போனாள். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு, இடையில் தன் வீடு. பெரும்பாக்கத்திலிருந்து முதல் பேருந்து பிடித்தாலும் ஆறு மணி வேலை கைவிட்டுப் போகிறது. இடையில் வீடு திரும்ப வழியில்லாததால் மாலை வேலையும் போகிறது. நான்கு வீடுகள் இரண்டாகின்றன. வாடகையில்லா வீடு கிடைத்தது என்று கணக்குக் காட்டும் அரசுக் கோப்பில் இந்த இழப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை. தனியார் குடியிருப்பில் வாழும் மென்பொருள் பொறியாளருக்கு நிறுவனம் வண்டி அனுப்புகிறது. அதே குடியிருப்பில் கழிவறை துலக்கப் போகிறவர் உட்சாலையிலிருந்து பிரதான சாலைவரை பங்கு ஆட்டோவுக்கு எடுத்து வைக்க வேண்டும்.

இதில் 2021 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஏற்பாடு உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. ஆனால் அந்த உரிமை பேருந்தின் வகையோடு ஒட்டியிருக்கிறது. அந்த வகைப் பேருந்து எத்தனை, எந்த நேரத்தில், எந்தத் தடத்தில் வருகிறது என்பதே அந்த உரிமையின் அளவு. மெட்ரோவில் அது செல்லாது. இப்போது ஓடும் முதற்கட்ட மெட்ரோவில் ஒரு வழிக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மெட்ரோ வந்த பின் நேரடிப் பேருந்துகள் குறைக்கப்பட்டு, அவை நிலையம்வரை மட்டும் செல்லும் இணைப்பு வண்டிகளாக்கப்பட்டால், கட்டணமில்லாத ஒரே பயணம், இடையில் காசு கொடுத்து ஏறும் மூன்று பயணங்களாக உடைந்துபோகும். பேருந்துத் தடங்களை மாற்றியமைக்கும் திட்டங்கள் பேசப்படும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இவ்வகைத் திட்டமிடலுக்கென்றே 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. மனு அனுப்ப வேண்டிய முகவரிகளில் அதுவும் ஒன்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1985ஆம் ஆண்டு ஓல்கா டெல்லிஸ் வழக்கில், நடைபாதைவாசிகள் வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அங்கு வாழ்கிறார்கள், வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் முன்னறிவிப்போடு அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன் முதல் பாதியை நாமும் இரண்டாம் பாதியை அரசும் நாற்பது ஆண்டுகளாக மேற்கோள் காட்டி வருகிறோம். நமக்குக் கூடுதலாகப் பயன்படும் தீர்ப்புகள் வேறு இரண்டு உண்டு. இரண்டுமே தலித் மக்கள் சார்ந்த வழக்குகள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இமாச்சலப் பிரதேசத்தின் மலைக்கிராமத்து ஏழைத் தலித் மக்கள், தங்கள் ஊருக்கான சாலைப்பணி நின்றுபோனதைக் கடிதமாக எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது உமேத் ராம் சர்மா வழக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. மலைவாழ் மக்களுக்குச் சாலையை அடைவது வாழ்வையே அடைவதாகும் என்று 1986இல் நீதிமன்றம் கூறியது. அரசின் நிதி வரம்புக்குள் என்ற எல்லையும் அத்தீர்ப்பில் உண்டு. அதை மறைத்து வாதாடுவதில் பயனில்லை. அடுத்தது 1995ஆம் ஆண்டு சமேலி சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளின் வீட்டுமனைகளுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டதை நிலவுடைமையாளர்கள் எதிர்த்தார்கள். கையகப்படுத்தியது சரி என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று என விளக்கியது. போதிய இடம், தூய காற்று, நீர், மின்சாரம், கழிப்பிடம் ஆகியவற்றோடு, அன்றாடத் தொழிலுக்கு எளிதில் சென்றுவரச் சாலை முதலிய வசதிகளையும் அது சேர்த்துச் சொன்னது. தொழிலுக்குச் சென்றுவரும் வழியை உறைவிடத்தின் இலக்கணத்துக்குள்ளேயே இத்தீர்ப்பு வைத்துவிட்டது. எனவே பேருந்து இல்லாத எட்டுமாடி வீடு, வசதி குறைந்த வீடு என்பதோடு நிற்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அது முழுமையடையாத உறைவிடம்.

சாலை நமக்கு வெறும் வசதியாக என்றுமே இருந்ததில்லை. எந்தப் பொதுத்தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவில் கிணறு, குளம் இவற்றோடு சாலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருப்பதன் பின்னால் அந்த வரலாறு நிற்கிறது.

இனி மெட்ரோவுக்கு வருவோம். நிலையத்தை ஒட்டி அடர்த்தியை உயர்த்துவது தவறான கொள்கை அன்று. ரயிலை நம்பி வாழ்பவர்கள் ரயிலுக்கு அருகில் இருப்பது நல்லதே. அந்த அருகாமை யாருக்கு என்பதே சிக்கல். ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 500 முதல் 800 மீட்டர் வரையான பகுதியில் அனுமதிக்கப்படும் தளப்பரப்பில் ஒரு பங்கை, எடுத்துக்காட்டாக 30 விழுக்காட்டை, எளியோர் வாங்கத்தக்க வீடுகளுக்கு ஒதுக்குமாறு மாநிலங்களிடம் கூறுகிறது. இது கட்டாயச் சட்டமன்று, கொள்கை. ஆனால் கூடுதல் குறியீடு வேண்டும் என்போர் எந்தக் கொள்கையைக் காட்டுகிறார்களோ, அதே கொள்கையின் வரி இது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதே வளாகத்தில் முடியாவிட்டால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கொடுக்க வேண்டும். பின்னாளில் இந்தக் கடமையின் இடத்தில் ஒரு கட்டணம் வந்தது. கட்டுநர் உறைவிட நிதிக்குப் பணம் செலுத்திவிட்டால் போதும். பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த 2 கிலோமீட்டர் என்ற சொல் மட்டும் காணாமல் போனது. அருகில் வாழும் உரிமையைக் காசாக மாற்றி, அக்காசில் தொலைவில் வீடு கட்ட வழிசெய்த மாற்றம் இது. இது போதிய விவாதமின்றிக் கடந்துபோனது என்பது நம் கருத்து.

அருகிலேயே மாற்று வீடு தர முடியாது என்ற வாதத்தையும் எளிதில் ஏற்க வேண்டியதில்லை. டெல்லியின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கை, இருந்த இடத்திலேயே வீடு என்பதை முதன்மையாகவும், முடியாதபோது 5 கிலோமீட்டருக்குள் என்பதையும் வைத்தது. சென்னையிலேயே 2022இல், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அக்குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நிலம் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, ஜப்பானின் ஜைக்கா ஆகியவை கடன் தருகின்றன. இவற்றுக்குச் சமூகப் பாதுகாப்பு விதிகளும் குறைதீர்க்கும் முறைகளும் உண்டு. தடத்தையொட்டிய குடியிருப்பு எதற்கும் அகற்றும் அறிவிப்பு வந்தால், நீதிமன்றத்துக்கு முன்பே அந்த வாயிலையும் தட்டலாம். அகற்றுவதற்கு முன் கணக்கெடுப்பும் மக்களோடு பொருளுள்ள கலந்தாய்வும் வேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்றத்தின் சுதாமா சிங் (2010), அஜய் மாக்கன் (2019) தீர்ப்புகளை மனுவில் இணைக்கலாம். அவை இங்கே கட்டுப்படுத்தா, ஆனால் வலுச் சேர்க்கும்.

சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகி வருகிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபனையும் ஆலோசனையும் எழுத்தில் தர நகர் ஊரமைப்புச் சட்டம் உரிமை அளிக்கிறது. மெட்ரோவையொட்டிய கூடுதல் குறியீட்டில் 30 விழுக்காட்டு எளியோர் வீடு, உறைவிட நிதி செலவாகும் இடத்துக்குத் தொலைவு வரம்பு, மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு மெட்ரோவுக்குப் பின்னும் குறையாத நேரடிச் சாதாரணப் பேருந்துகள் ஆகிய மூன்றையும் அதில் கேட்க வேண்டும்.

அதற்குச் சான்று தேவை. எந்தத் தடத்தில் எத்தனை சாதாரணப் பேருந்துகள், முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை நடைகள் கைவிடப்பட்டன என்று மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். கூடவே நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் ஒரு குறிப்பேட்டில் ஒரு மாதம், பேருந்து வந்த நேரத்தையும் வராத நாளையும் எழுதி வைக்கட்டும். கழகத்தின் அட்டவணையையும் அந்தக் குறிப்பேட்டையும் அருகருகே வைத்து ஆட்சேபனையோடு இணைத்துவிடலாம்.