வான்கோழி உறங்கும் மரம்

வான்கோழி என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? மயிலின் ஆட்டத்தைக் கண்டு, தானும் சிறகை விரித்து ஆடி, நகைப்புக்கு ஆளான பறவை என்றே நம் பள்ளிப் பாடம் அதனை நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறது. பண்ணைகளில் நாம் காணும் வான்கோழியும் பருத்த உடலோடு அசைந்து நடக்கிறது. பறக்க மாட்டாமல் திகைக்கிறது. ஆதலின் அந்த ஏளனம் பொருத்தமே என்று தோன்றும். ஆனால், இப்பறவையின் தாயகமாகிய வட அமெரிக்கக் காட்டிலே அதனைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். அங்கே வாழும் காட்டு வான்கோழி விரைந்து ஓடும், வேகமாகப் பறக்கும், மனிதன் கண்ணில் எளிதில் படாது. அதனை வேட்டையாடப் புறப்படுவோரில் பலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். வெற்றி பெறுவோரோ துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டவர்கள். 'இப்பறவை இரவில் எங்கே உறங்குகிறது?' என்பதே அக்கேள்வி. இளவேனிற் காலத்தில் நிகழும் வான்கோழி வேட்டையை அக்கேள்வியின் வழியாகவே இன்று பார்ப்போம்.

முதலில் பறவையை அறிந்துகொள்வோம். வளர்ந்த காட்டுச் சேவல் 7 முதல் 11 கிலோகிராம் வரை எடையுள்ளது. பெட்டை அதில் பாதியளவே இருக்கும். சேவலின் இறகுகள் வெயிலில் செம்பும் வெண்கலமும் போல மின்னும். மார்பிலிருந்து குதிரை மயிர் போன்ற ஒரு கற்றை தாடியாகத் தொங்கும். இறகற்ற தலை இளவேனிலில் சிவப்பும் வெண்மையும் நீலமுமாக நிறம் மாறும். அப்போது அது வாலை விசிறி போல விரித்து, இறக்கைகளின் நுனி தரையில் உராயுமாறு தாழ்த்தி நடக்கும். இது மயிலைப் பார்த்துக் கற்ற ஆட்டமன்று. பெட்டையைத் தன்பால் ஈர்க்க இயற்கை அதற்குக் கொடுத்த சொந்த ஆட்டம்.

காட்டு வான்கோழிக்கு இரண்டு காவலர் உண்டு. ஒன்று கண், மற்றொன்று செவி. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், சிறிதே தலையைத் திருப்பினாலும் சுற்றுப்புறம் முழுவதும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். நிறங்களையும் அது நன்கு பிரித்தறியும். புதரில் மறைந்திருக்கும் மனிதன் கன்னத்தைச் சொறியக் கையைத் தூக்கினாலே போதும்; பறவை மறைந்துவிடும். ஆனால், இத்தகைய கூரிய கண்ணும் பகலுக்கே உரியது. இருள் சூழ்ந்ததும் வான்கோழியின் பார்வை மங்கிவிடுகிறது. நரியும், காட்டுப்பூனையும், 'கயோட்டி' என்னும் ஓநாயினமும் இரை தேடிப் புறப்படுவதோ அந்த இருளிலேதான். எனவே, பகலெல்லாம் தரையில் மேயும் இந்தப் பெரிய பறவை, மாலையில் மரத்தின் மேல் அடைகிறது. அதன் வாழ்வைக் காப்பது அந்த மரமே எனலாம்.

கதிரவன் மறையும் வேளையில் வான்கோழிக் கூட்டம் மேய்ச்சலை முடித்துக்கொண்டு, தங்கும் மரத்தின் அருகே வந்து சேரும். சற்று நேரம் அசையாமல் நின்று கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்க்கும். பின்னர், ஒவ்வொன்றாக இறக்கையடித்து மேலே எழும். அந்தப் பேரொலி அமைதியான காட்டில் நெடுந்தூரம் கேட்கும். கிளையில் அமர்ந்தபின் இடம் மாறி இடம் மாறி, கிளைக்குக் கிளை தாவி, இருட்டுவதற்குள் அடங்கிவிடும். உறக்கத்தில் அது கீழே விழுவதில்லை. கால் மடங்கும்போது, காலினுள் ஓடும் தசைநாண்கள் இழுக்கப்பட்டு, விரல்கள் தாமாகவே கிளையை இறுகப் பற்றிக்கொள்ளும். மரத்தில் அடையும் பிற பறவைகளுக்கும் இயற்கை அளித்துள்ள வசதி இது.

எந்த மரத்தையும் அது ஏற்றுக்கொள்வதில்லை. முதிர்ந்து உயர்ந்த மரம் வேண்டும். படுக்கை வாட்டில் நீண்ட வலிய கிளைகள் வேண்டும். அடியில் பறந்தெழவும் இறங்கவும் சிறிது திறந்த இடம் வேண்டும். மேற்கு மலைகளில் உயர்ந்த பைன் மரங்களை அது நாடுகிறது. டெக்ஸாஸ் முதலிய சமவெளிப் பகுதிகளில் ஓடைக்கரைகளில் வளர்ந்த பெருமரங்களே அதன் புகலிடம். அங்கே மரங்கள் குறைவாதலால், ஒரே தோப்பிற்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டமாகத் திரும்பி வருவதும் உண்டு. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் நீரின் மேல் நிற்கும் சைப்ரஸ் மரங்களில் அடைகிறது. கீழே நீர் இருந்தால் பகை வரும் ஓசை முன்னதாகவே கேட்குமன்றோ! மரங்கள் மிகுந்த கிழக்குக் காடுகளிலோ இரவுக்கிரவு மரத்தை மாற்றிக்கொள்வதும் வழக்கம். கடுங்காற்று வீசும் இரவில் மலைச்சரிவின் காற்றுப்படாத பக்கத்தை அது தேர்ந்துகொள்ளும்.

மரத்தில் ஏற முடியாத காலமும் வான்கோழியின் வாழ்வில் ஒன்று உண்டு. பெட்டை தரையில் சிறு குழியில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் பறக்க இயலாதவை. அவற்றைச் சிறகின்கீழ் அணைத்துக்கொண்டு தாயும் தரையிலேயே இரவைக் கழிக்கிறது. குஞ்சுகளில் பெரும்பகுதி மடிவது அந்த நாட்களிலேதான். பிழைத்தவை, தாயின் பின்னே தாழ்ந்த கிளையொன்றில் முதன்முதலாக ஏறி அமரும் மாலையே அவற்றின் வாழ்வில் நல்ல மாலை.

இனி வேட்டைக்காரனைப் பின்தொடர்வோம். இளவேனிலில் அவனுடைய வேலை முதல்நாள் மாலையே தொடங்குகிறது. அவன் துப்பாக்கியின்றிக் காட்டின் ஓரத்தில் நின்று செவிசாய்க்கிறான். சில வேளை ஆந்தையைப் போல அலறுகிறான். இக்காலத்துச் சேவல் திடீரென்று எழும் எந்த ஓசைக்கும் தன்னையறியாமல் எதிர்க்குரல் கொடுத்துவிடும். கிளையிலிருந்து 'களகள' என்று எழும் அம்முழக்கம் அது உறங்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மரத்தடியில் கிடக்கும் எச்சமும் உதிர்ந்த இறகும் அதற்குச் சான்று கூறும்.

மறுநாள் விடியுமுன் அவன் இருளிலேயே திரும்பி வருகிறான். மரத்தை நெருங்கினால் பறவை அறிந்துகொள்ளும். எனவே, நூறு கஜத்துக்கு மேற்பட்ட தொலைவில், தன் தோளைவிட அகன்ற ஓர் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து அமர்கிறான். கிழக்கு வெளுக்கும்போது சேவல் கிளையிலிருந்தே முழங்கத் தொடங்குகிறது. வேட்டைக்காரன் பெட்டையின் மெல்லிய குரலை எழுப்புகிறான். அதற்கெனச் சிறு மரப்பேழையும், கற்பலகையும் குச்சியும், நாவின்மேல் அடக்கிக்கொள்ளும் சவ்வும் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்பையே ஊதுகுழலாக்கி அக்குரலை எழுப்பினர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இயற்கையில் சேவல் முழங்கினால் பெட்டைதான் அதனைத் தேடிச் செல்லும். வேட்டைக்காரனோ சேவலைப் பெட்டையிடம் வரச் சொல்கிறான். ஆகவே, அது தயங்குகிறது. கிளையிலேயே நின்று காத்திருக்கிறது. தரையில் இறங்கியதும் உண்மைப் பெட்டைகள் வந்துவிட்டால் அவற்றோடு போய்விடுகிறது. சில நாள் ஓசையின்றிப் பின்புறமாக வந்து, அவனைக் கண்டு, ஓடி மறைகிறது. நாற்பது கஜத்துக்குள் அது நெருங்கினால்தான் ரவைத் துப்பாக்கியைச் சுடலாம். அந்தக் கடைசி நாற்பது கஜத்திற்காக அவன் ஒரு மணி நேரம் கல்லைப் போல அமர்ந்திருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இங்கே உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். உறங்கும் மரம் தெரிந்துவிட்டதே! இரவில் பறவைக்குப் பார்வையும் இல்லையே! மரத்தடிக்கே சென்று சுட்டுவிட்டால் என்ன? இவ்வளவு பாடு எதற்கு?

ஒரு காலத்தில் அவ்வாறுதான் செய்தார்கள். நிலவொளியில் கிளைமேல் கரிய உருவங்களாகத் தெரிந்த பறவைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு வீழ்த்தினார்கள். சந்தைக்கு அனுப்ப ஆண்டு முழுவதும் கொன்றார்கள். காடுகளும் விளைநிலத்துக்காக அழிக்கப்பட்டன. விளைவு என்ன? கனெக்டிகட் மாநிலத்தில் 1813ஆம் ஆண்டோடும், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851ஆம் ஆண்டோடும் காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் அது காண்பதற்கு அரிதாயிற்று.

1937ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, துப்பாக்கிகளின் மீதும் தோட்டாக்களின் மீதும் பெறும் வரியைக் காட்டுயிர்களின் மீட்சிக்கு ஒதுக்கியது. முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர். அம்முயற்சி தோல்வியுற்றது. தாயோடு மரமேறாத குஞ்சுக்குப் பகைவன் யார், புகலிடம் எது என்பது எவ்வாறு தெரியும்? பின்னர், காட்டிலேயே பிறந்த பறவைகளை வெடிவிசையால் பாயும் வலைகொண்டு பிடித்து வேற்றிடங்களுக்குக் கொண்டுசென்றனர். இம்முறை 1951ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் கையாளப்பட்டது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவை 37 பறவைகளே. இன்று அம்மாநிலத்தில் 30,000க்கு மேற்பட்ட வான்கோழிகள் வாழ்கின்றன.

பெற்ற செல்வத்தை மீண்டும் இழவாதிருக்க வேட்டைக்கு வரம்புகள் வகுக்கப்பட்டன. இளவேனிலில் தாடியுள்ள பறவையை மட்டுமே சுடலாம். அது பெரும்பாலும் சேவலே. ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். குஞ்சு வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை. கூடும் பருவம் பெரிதும் கடந்தபின் சில சேவல்கள் குறைந்தாலும் இனம் குறைவதில்லை. பல மாநிலங்களில் மரத்தில் அடைந்திருக்கும் பறவையைச் சுடுவது குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் நல்ல வேட்டைக்காரன் அதனை இழிவெனக் கருதுகிறான். மனிதவுயிருக்கான வரம்புகளும் உண்டு: சேவல் தலையின் நிறங்களாகிய சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் உடையில் அணிதல் கூடாது, முழக்கம் கேட்ட திசையில் பதுங்கிச் செல்லுதல் கூடாது. அங்கே குரல் கொடுப்பது மற்றொரு மனிதனாகவும் இருக்கலாமன்றோ!

ஒரு பறவை உறங்கும் இடம் தெரிந்த அறிவு, முன்னொரு காலத்தில் அதனை அழித்தது. அதே அறிவு இன்று அதன் மரங்களை வெட்டாமல் காக்கவும், வேட்டைக்காரனை நூறு கஜத்துக்கு அப்பால் நிறுத்தவும் பயன்படுகிறது. இடையில் மாறியது பறவையன்று, மனிதனே. உறங்கும் உயிரின்மேல் கை வைப்பதில்லை என்று அவன் தனக்குத்தானே இட்டுக்கொண்ட கட்டளையால், இன்றும் இளவேனில் விடியலில், எந்தப் பறவையையும் பார்த்து ஆடாத அந்தச் சேவல் தன் கிளையிலிருந்து முழங்குகிறது.