சென்னையில் கண்டறியப்பட்ட ஐந்து சிறுகோள்கள்: வானியல் ஆய்வுமுறைகளுக்கு ஓர் அறிமுகம்

ஆய்வுச் சுருக்கம்

1861 முதல் 1885 வரையிலான காலத்தில் சென்னை வானாய்வகத்திலிருந்து ஐந்து சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று கதிரவனின் தொலைவை அளக்கப் பயன்பட்டது. வேறு இரண்டு, சிறுகோள்களின் நிறையையும் உள்ளமைப்பையும் அறிய வழிவகுத்தன. இவ்வைந்தின் பிற்கால வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், சிறுகோள்களை வானியலார் ஆராயும் முறைகள் பெரும்பாலும் புலனாகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: சிறுகோள், சென்னை வானாய்வகம், நார்மன் போக்சன், பொலிவெண், காவலூர், கலைச்சொல்.

முன்னுரை

சீர்காழி வட்டாரத்தில் 'கோள்' என்னும் சொல் நூல்வழக்கு மட்டும் அன்று. அன்றாட வழக்கும் ஆகும். செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம் என நவகோள் தலங்களுள் மூன்று இவ்வூரைச் சுற்றியே அமைந்துள்ளன. கோளறு பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் பிறந்த ஊரும் இதுவே. ஞாயிறு, திங்கள் தொடங்கி இராகு, கேது ஈறாகக் கோள்கள் ஒன்பது என்பது இங்குச் சிறுவரும் அறிந்த கணக்கு.

சிறுகோள்களைப் பற்றி இவ்வூரில் ஆசிரியர் சிலரோடு உரையாடியபோது அவர்களுள் மூத்தவர் ஒருவர், "அதுவும் கோள்தான் என்றால், ஒன்பது என்ற கணக்கு என்ன ஆவது?" என்று வினவினார். சிரிப்பதற்குரிய வினா அன்று இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய வானியலாரும் ஏறத்தாழ இதே இடர்ப்பாட்டில் இருந்தனர்.

1801 சனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி ஒரு மங்கலான ஒளிப்புள்ளி விண்மீன்களுக்கிடையே நாள்தோறும் இடம்பெயர்வதைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிய அதற்குச் சீரிசு என்று பெயரிட்டுக் கோள்களுள் ஒன்றாகவே எண்ணினர். அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லாசு, யூனோ, வெசுட்டா ஆகியனவும் கிடைத்தன. தொலைநோக்கியில் வட்டாகத் தெரியாமல் விண்மீன்போல் புள்ளியாகவே தெரிந்தமையால், 'விண்மீன் போன்றது' எனப் பொருள்படும் 'ஆசுட்டராய்டு' என்னும் பெயரை 1802இல் வில்லியம் எர்செல் முன்மொழிந்தார். ஆயினும் வான அட்டவணைகளில் அவை நெடுங்காலம் கோள்களின் வரிசையிலேயே நின்றன. 1845க்குப் பின் எண்ணிக்கை விரைந்து பெருகிய பின்னரே தனி வகையாயின. பட்டியல் நீண்டதால் வகைப்பாடு மாறியது. பொருளின் இயல்பு அறியப்பட்டதால் அன்று.

சென்னை வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாய்வகத்தின் கட்டடம் 1792இல் நிறைவுற்றது. கருவியைத் தாங்குவதற்கு நடப்பட்ட ஒற்றைக் கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்செய்தி பொறிக்கப்பட்டது. இன்றைய வானிலை மைய வளாகத்தில் அத்தூண் உள்ளது. கல்வெட்டியல் பயில்வோர் பலர் இதனைக் கண்டதில்லை என்பது ஆய்வாளரின் பட்டறிவு.

1861 பிப்ரவரியில் இதன் பொறுப்பேற்ற நார்மன் இராபர்ட் போக்சன், ஏப்ரல் 17 அன்றே 67ஆம் சிறுகோளைக் கண்டறிந்தார். இக்கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற்சிறுகோள் என்பதால் அது 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. தொடர்ந்து 1864இல் சாப்போ (80), 1866இல் சில்வியா (87), 1868இல் கமில்லா (107), 1885இல் வேரா (245) ஆகியன கிடைத்தன. சாப்போ என்பது பழங்கிரேக்கப் பெண்பாற் புலவரின் பெயர். இங்கிலாந்தில் இருந்தபோது போக்சன் கண்டறிந்த 42ஆம் சிறுகோளின் பெயரான ஐசிசு, அவர்தம் மகளின் பெயரும் ஆகும். அம்மகளார் பின்னர்ச் சென்னை வானாய்வகத்தில் தந்தையாருக்கு உதவியாளராகப் பணியாற்றினார்.

அவ்வானாய்வகத்தின் பணி போக்சன் ஒருவரால் நடந்ததன்று. முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தவர். 1874ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் உரையாடல் வடிவில் நூல் வெளியிட்டவரும் அவரே. அறிவியல் தமிழ் வரலாறு எழுதுவோர் அவருக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது முறையன்று.

நகர்வும் பாதையும்

சிறுகோளைக் கண்டறிதல் என்பது அக்காலத்தில் ஒப்பீட்டுப் பணி. வானின் ஒரு சிறு பகுதியில் உள்ள மங்கலான விண்மீன்களையெல்லாம் படமாகக் குறித்துவைத்து, மறுநாள் அதே பகுதியை நோக்கவேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டாலோ இருந்த புள்ளி நகர்ந்திருந்தாலோ அது சிறுகோளாக இருக்கலாம். ஓலைச்சுவடிகளின் பாடவேறுபாட்டை ஒப்புநோக்குவோர்க்கு இப்பணியின் சலிப்பும் நுட்பமும் எளிதில் விளங்கும். 1891இல் செருமனியின் மாக்சு வுல்ஃப் ஒளிப்படத் தட்டைக் கையாண்ட பிறகு வேலை எளிதாயிற்று. விண்மீன்களைப் பின்தொடர்ந்து நீண்டநேரம் ஒளியேற்றப்பட்ட தட்டில் விண்மீன்கள் புள்ளிகளாகவும் சிறுகோள் சிறு கோடாகவும் பதியும்.

கண்டால் மட்டும் போதாது; மீண்டும் காணவேண்டும். பியாசி கண்ட சீரிசு சில வாரங்களில் கதிரவனின் ஒளிக்குள் மறைந்துபோயிற்று. எஞ்சிய சில நோக்கீடுகளைக் கொண்டே காசு அதன் சுற்றுப்பாதையைக் கணித்தார். அவர் குறித்த இடத்தருகே 1801 திசம்பர் இறுதியில் அது மீண்டும் அகப்பட்டது. இன்றும் ஒரு சிறுகோளுக்கு நிலையான எண் வழங்கப்படுவது, பாதை ஐயமின்றி உறுதிப்பட்ட பின்னரே.

பொலிவிலிருந்து பருமன்

விண்மீன்களை ஒளியின் மிகுதி குறைவு நோக்கி ஆறு தரங்களாகப் பகுப்பது பழைய கிரேக்க மரபு. முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாக நூறு மடங்கு எனக் கொண்டு, அடுத்தடுத்த தரங்களுக்கிடையே 2.512 என்னும் விகிதத்தை வரையறுத்தவர் போக்சன். பொலிவெண் என வழங்கும் இவ்வளவையே வானியல் முழுவதும் இன்றும் கையாள்கின்றது. இதனை அவர் 1856இல் வெளியிட்டது விண்மீன்களைப் பற்றிய கட்டுரையில் அன்று. முப்பத்தாறு சிறுகோள்களின் பொலிவைக் கணித்துரைத்த கட்டுரையில். எந்த இரவில் எந்தச் சிறுகோள் எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்று முன்கூட்டியே அறிய அவருக்கு அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது.

பொலிவை அளந்துவிட்டால் பருமனைச் சொல்லிவிடலாமா? இயலாது. பூம்புகார்க் கரையில் நின்று இரவில் கடலை நோக்குவோர்க்குத் தெரியும் ஒரு விளக்கு, அருகிலுள்ள சிறு விளக்கா தொலைவிலுள்ள பெருவிளக்கா என்று கண் சொல்லாது. சிறுகோளின் தொலைவைப் பாதைக் கணிப்பு தந்துவிடும். ஆனால் அதன் மேற்பரப்பு வெளிறியதா கரியதா என்பது எஞ்சிய சிக்கல். ஆசியா தன்மேற்படும் ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் திருப்பியனுப்புகின்றது. சில்வியா இருபதில் ஒரு பங்கு அளவையே திருப்பியனுப்புகின்றது. ஆகவே ஒளிப்பொலிவை மட்டும் நம்பினால் கரிய சிறுகோள்களைச் சிறியனவாகக் கருதிவிடுவோம். கரிய பொருள் கதிரவ ஒளியை உட்கொண்டு வெப்பமாக வெளிவிடுமாதலால், அகச்சிவப்பில் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் பருமனும் எதிரொளிதிறனும் ஒருசேரக் கிடைக்கும். 1983இல் ஐராசு செயற்கைக்கோள் இம்முறையைப் பெருமளவில் செய்துகாட்டியது. இவ்வாறு ஆசியாவின் விட்டம் ஏறத்தாழ 60 கி.மீ. என்றும், சில்வியா, கமில்லா இரண்டும் 250 கி.மீ. அளவிலோ அதற்கு மேலோ உள்ளன என்றும் அறியப்பட்டது.

பொலிவு ஓர் இரவுக்குள்ளேயே ஏறி இறங்குவதும் உண்டு. உருண்டையாக இல்லாத பொருள் சுழலும்போது அகன்ற பக்கமும் குறுகிய பக்கமும் மாறிமாறித் தெரிவதே காரணம். சில்வியா ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த காலத்தில் ஒருமுறை சுழல்கின்றது என்பது இவ்வழி அறியப்பட்டதே.

சாப்போவும் கதிரவனின் தொலைவும்

இரகுநாதாச்சாரியார் விளக்கியெழுதிய 1874ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வுக்காக உலகெங்கும் குழுக்கள் புறப்பட்டமைக்குக் காரணம், புவிக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட தொலைவை அளப்பதே. முடிவுகள் மனநிறைவு தரவில்லை. வெள்ளியின் விளிம்பு கதிரவனின் விளிம்பைத் தொடும் நொடியை இருவர் ஒருபோலக் குறிக்க இயலவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கில் வேறு வழி கண்டார். சிறுகோள் ஒரு புள்ளி. விளிம்புக் குழப்பம் அதற்கில்லை. புவியை நெருங்கிவரும் சிறுகோளை வெவ்வேறு இடங்களிலிருந்து பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்தால், இடமாறு தோற்றத்தால் அதன் தொலைவு கிடைக்கும். கோள்களின் தொலைவு விகிதங்கள் கெப்ளர் விதியால் முன்பே தெரியுமாதலால், ஒரு தொலைவு கிடைத்தாலே கதிரவனின் தொலைவும் கிடைத்துவிடும். 1888-89இல் ஐரோப்பிய, அமெரிக்க வானாய்வகங்களின் துணையோடு அவர் தேர்ந்தளந்த மூன்று சிறுகோள்கள் ஐரிசு, விக்டோரியா, சாப்போ என்பன. சென்னையில் கண்டறியப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்த சாப்போ அவற்றுள் ஒன்று. அவ்வழி நிலைபெற்ற 8.80 வில்விநாடி என்னும் மதிப்பு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பன்னாட்டு வான அட்டவணைகளின் அடிப்படை எண்ணாக விளங்கியது.

சில்வியாவின் இரு துணைக்கோள்கள்

தொலைவும் பருமனும் கிடைத்த பின்னும் நிறை கிடைப்பதில்லை. அதற்கு அப்பொருளைச் சுற்றிவரும் வேறொன்று வேண்டும். 2001இல் அவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி வழியே சில்வியாவுக்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரியவந்தது. சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியின் நோக்கீடுகளிலிருந்து இரண்டாவது ஒன்றும் கண்டறியப்பட்டு 2005இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்கள் கொண்டதாக அறியப்பட்ட முதற்சிறுகோள் சில்வியாவே. உரோமானியத் தொன்மத்தில் சில்வியா ஈன்ற இரட்டையரின் பெயர்களான உரோமுலசு, இரெமுசு என்பன அவற்றுக்கு இடப்பட்டன. கமில்லாவுக்கும் 2001இல் ஒன்றும் 2016இல் மற்றொன்றும் தெரியவந்தன.

உரோமுலசு சில்வியாவிலிருந்து ஏறத்தாழ 1,360 கி.மீ. தொலைவில் 3.65 நாளில் ஒருமுறை சுற்றுகின்றது. இவ்விரு எண்களே போதும். சில்வியாவின் நிறையைக் கல்லூரி மாணவரும் கணித்துவிடலாம். நிறையைப் பருமனால் வகுத்தபோது கிடைத்த அடர்த்தி, நீரின் அடர்த்தியைவிடச் சற்றே மிகுதி. திண்ணிய பாறைக்கு அவ்வளவு குறைந்த அடர்த்தி வாராது. மோதலில் சிதறிய துண்டுகள் மீண்டும் ஈர்ப்பால் கூடி, இடையிடையே வெற்றிடங்களோடு குவிந்த கற்குவியலாகவே அது இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் துணிபு. போக்சன் கண்டது ஒரு புள்ளி. அப்புள்ளியின் உட்புறம் பொள்ளலாக இருக்கின்றது என்பது 139 ஆண்டுகள் கழித்து அறியப்பட்டது.

மண்ணில் விழுந்த சான்று

சிறுகோள்கள் எவற்றால் ஆனவை என்பதை அவற்றின் நிறமாலை ஓரளவு காட்டும். உறுதிப்படுத்துவன அவற்றிலிருந்து சிதறி இங்கு வீழ்ந்த கற்கள். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே, ஆங்கிலப் பதிவுகளில் பர்னல்லி எனக் குறிக்கப்பெறும் ஊரில் இரு கற்கள் வீழ்ந்தன; மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. இரும்புச்சத்துக் குறைந்த இவ்வகைக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பது நெடுநாள் வினாவாக இருந்தது. சப்பானின் அயபுசா விண்கலம் இட்டோகாவா சிறுகோளில் திரட்டிய துகள்களை 2010இல் புவிக்குக் கொண்டுவந்தது. அவை பர்னல்லிக் கல் சார்ந்த அதே வகுப்பைச் சேர்ந்தவையாக இருந்தன. பின்னர் இரியுகு, பென்னு ஆகிய கரிய சிறுகோள்களிலிருந்தும் மண் கொண்டுவரப்பட்டது.

காவலூர்

வேராவுக்குப் பின் இந்திய மண்ணிலிருந்து சிறுகோள் கண்டறியப்பட நூற்று மூன்று ஆண்டுகள் ஆயின. சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், 45 செ.மீ. சிமிட் தொலைநோக்கியைக் கொண்டு 'கல்கி' என்னும் திட்டத்தின்கீழ் இரா. இராசமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று 4130ஆம் சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்கு இராமானுசன் எனப் பெயரிடப்பட்டது. காவிரிக் கரையின் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் நூற்றாண்டையொட்டி நிகழ்ந்த கண்டுபிடிப்பு அது. இன்று அறியப்பட்டவை பதின்மூன்று இலட்சத்துக்கும் மேல். சிலியின் உரூபின் வானாய்வகம் 2025இல் வெளியிட்ட முதற்படங்களிலேயே ஏறத்தாழ பத்து மணி நேர நோக்கீட்டில் 2,104 புதிய சிறுகோள்கள் இருந்தன. கண்ணும் தாளும் கொண்டு இருபத்து நான்கு ஆண்டுகளில் ஐந்து என்னும் கணக்கை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கலைச்சொல் பற்றி

தமிழில் சிறுகோள், குறுங்கோள், விண்கல், எரிகல் ஆகிய சொற்கள் இதழ்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவையும் சீரிசையும் புதிய வகையொன்றில் சேர்த்தபின், அவ்வகைக்குக் 'குறுங்கோள்' என்பதையும் ஏனையவற்றுக்குச் 'சிறுகோள்' என்பதையும் வரையறுத்துக்கொள்வது தெளிவு தரும். விண்வெளியில் திரியும் சிறு துண்டு விண்கல். காற்றில் எரிந்து ஒளிர்வது எரிமீன். தரையில் கிடைப்பது விண்வீழ்கல். மூத்த ஆசிரியரின் வினாவுக்கும் இதிலேயே விடை உண்டு. கோளறு பதிகத்தின் கோள், பற்றும் ஆற்றலுடையது என்னும் பொருளில் வருவது. ஞாயிறும் திங்களும் அதில் அடங்கும். சிறுகோளின் கோள், கதிரவனைச் சுற்றும் பொருள் என்னும் பொருளில் வருவது. சொல் ஒன்று, கணக்கு இரண்டு.

2029 ஏப்ரல் 13 அன்று ஏறத்தாழ 350 மீட்டர் அளவுள்ள அப்போபிசு என்னும் சிறுகோள், புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. உயரத்தில் கடந்துசெல்லும். மோதல் நிகழாது என்பது பாதைக் கணிப்பால் உறுதிப்பட்டுள்ளது. 'விண்கல் விழப்போகிறது' எனத் தலைப்பிடும் ஆர்வம் அவ்வேளையில் எழக்கூடும். அதற்குள் பாடநூல்களிலேனும் இச்சொற்கள் தம்முள் வேறுபடுத்தப்பட்டிருத்தல் நன்று.