நூலக வரி எங்கே போகிறது?

வீட்டு வரி கட்டிய ரசீதை மடித்து பீரோவில் வைப்பதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'வீட்டு வரி' என்று ஒரு தொகை இருக்கும். அதன் கீழே, பல நேரம் மங்கலான கார்பன் எழுத்தில், 'நூலக வரி' என்று இன்னொரு சின்னத் தொகை இருக்கும். தமிழ்நாட்டில் இன்றைய கணக்கு ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் வரி கட்டும் வீட்டுக்காரர் நூலகத்துக்கென்று நூறு ரூபாய் தருகிறார். நூலக வாசலை மிதித்தே இராதவரும் தருகிறார். வாடகைக்குக் குடியிருப்பவர் வாடகையோடு சேர்த்துத் தருகிறார். கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை, போன வாரப் பத்திரிகையே இன்னும் மேசையில் கிடக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் பலருக்கும் தாங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம் என்பது தெரியாது.

இந்த வரிக்கு அடிப்படை 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1930-இலேயே ஒரு மாதிரிச் சட்ட வரைவை எழுதி வைத்துக்கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காத்திருந்தவர் அவர். அந்தக் காலத்தில் நூலகம் என்பது பெரும்பாலும் தனியாரின் நல்ல மனசு. 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அழகான முயற்சிதான். ஆனால் கொடுக்கிறவர் கை ஓய்ந்தால் வண்டியும் நின்றுவிடும். சட்டப்படி வசூலாகும் நிரந்தர வருமானம் வேண்டும் என்று ரங்கநாதன் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான். ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது பழைய கணக்கில் அரையணா என்று தொடங்கிய வரி, படிப்படியாக உயர்ந்து இன்றைய 10 காசுக்கு வந்திருக்கிறது.

இந்தப் பணம் நேராக உங்கள் தெரு நூலகத்துக்குப் போவதில்லை. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். மாவட்ட நூலக அலுவலர்தான் அந்த ஆணைக்குழுவின் செயலர். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் எல்லாவற்றுக்குமான நூலக நிதி அங்கேதான் இருக்கிறது. மேலே பொது நூலக இயக்ககம். கீழே, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும் நூலகருக்கு வரவு செலவில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடைந்த நாற்காலிக்கு அவர் கடிதம்தான் எழுத முடியும்.

ஒரு சின்ன நூலகத்தின் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்போமே. ஓர் ஊராட்சியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வீட்டு வரி வசூலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலக வரி 20,000. நாளிதழ் ஒன்று 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,920. நான்கு நாளிதழ் போட்டால் 11,680. மீதி 8,320 ரூபாயில் வார, மாத இதழ்கள் வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், கட்டடம் வாடகை என்றால் அதையும் கொடுக்க வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தர வேண்டும். புத்தகம் இன்னும் வாங்கவே இல்லை. எந்த நூலகத்திலும் முதல் பெரிய செலவான சம்பளத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவும் இல்லை. ஆண்டு முழுவதற்கும் வரும் அந்த இருபதாயிரம் ஒரு மாதச் சம்பளத்துக்கே பற்றாது. ஆகவே அவரவர் ஊர் வரியை அவரவர் நூலகமே வைத்துக்கொள்ளட்டும் என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். செய்துபார்த்தால் சிற்றூர் நூலகங்கள் முதல் மாதமே மூடப்படும். வீட்டு வரியோடு பிணைக்கப்பட்ட வரி இது. மாடி வீடுகளும் வணிக வளாகங்களும் நிறைந்த நகரத்தில் கொட்டும், ஓட்டு வீடுகள் நிறைந்த ஊரில் சொட்டும். நகரத்துப் பணத்தைக் கிராமத்துக்குப் பங்கிட மாவட்ட அளவில் ஒரு பொதுப் பை வேண்டும். ஆணைக்குழு என்ற ஏற்பாட்டில் இந்த ஒரு நியாயம் உண்டு.

பை நிரம்பினால்தானே பங்கிட முடியும்? உள்ளாட்சிகள் வசூலித்ததை உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்பது பழைய புகார். தங்கள் சொந்தச் செலவுக்கே திண்டாடும் உள்ளாட்சி, கையில் வந்த நூலக வரியைக் குடிநீருக்கோ சம்பளத்துக்கோ திருப்பிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறது. சிற்றூராட்சிகள் மட்டுமல்ல, சென்னை மாநகராட்சியின் நிலுவையும் பலமுறை செய்தியாகியிருக்கிறது. பக்கத்து மாநிலத்திலும் இதே கதை: கர்நாடகச் சட்டம் 1965-இல் வந்தது, அங்கே நூலக வரி 6 சதவீதம், பெங்களூரு மாநகராட்சியின் பாக்கி கோடிக்கணக்கில் ஏறியது. வரி கட்டியவர் தன் கடமையை முடித்துவிட்டார். இடையில் நின்றது யாருடைய பணம் என்று கேட்க நூலக வாசகருக்கு இடமே வைக்கப்படவில்லை.

புத்தகம் வாங்குவதிலும் இதே நிலைதான். பதிப்பகங்கள் விண்ணப்பிக்கும், மாதிரிப் படிகள் போகும், தேர்வுக் குழு பார்க்கும், பக்கங்களை அச்சுப் பாரக் கணக்கில் எண்ணி விலை போடுவார்கள், பிறகு கட்டுக் கட்டாக மாநிலம் எங்கும் இறங்கும். 2024-இல் வெளிப்படையான கொள்முதலுக்கென்று புதிய கொள்கையும் இணையதளமும் வந்தன. பதிப்பாளர்களுக்கு அது நல்ல செய்தி. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் ராமேசுவரத்து மீனவர் பிள்ளைக்கும் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே கட்டு வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தினமும் வந்து கேட்கும் புத்தகம் எது என்பது நூலகருக்குத் தெரியும். ஆனால் வாங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

கேரளத்தில் கதை வேறு. பி.என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களைத் திரட்டித் தொடங்கிய நூலகச் சங்கம் அங்கே மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. 1989 சட்டம் அந்த அமைப்பை அழிக்காமல், அதன் மேல் ஒரு கூரை போட்டது. கிராம நூலகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். அவர்கள் தலைவர், செயலர், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து வட்டம், மாவட்டம், மாநிலம் என்று தேர்தல் வழியாகவே நூலகக் கவுன்சில் அமைகிறது. நூலக வரி ரூபாய்க்கு 5 காசு. அதோடு அரசின் மானியமும் உண்டு. நூலகங்களைத் தரம் பிரித்து ஆண்டு மானியம் தருகிறார்கள். மாவட்ட நூலகக் கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாவில், அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கிராமத்து நூலகக் குழுக்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்குவார்கள். சாக்குப் பையில் புத்தகம் சுமந்து போகும் அந்தச் செயலரிடம் அடுத்த பொதுக்குழுவில், "இதை ஏன் வாங்கினீர்கள்?" என்று ஊர்க்காரர் ஒருவர் எழுந்து கேட்கலாம்.

கேரளத்து முறையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் தேவையில்லை. அங்கே நூலகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மதிப்பூதியம்தான், அரசு ஊழியர் சம்பளம் அல்ல. தேர்தல் வந்தால் கட்சியும் கூடவே வரும். தமிழ்நாட்டில் நூலகர் அரசு ஊழியர் என்பதும் பெரிய விஷயம்தான், ஊர்ப்புற நூலகர்கள் இன்னும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இழுபட்டாலும். நமக்குக் குறைவது வேறு ஒன்று. இங்கே வாசகர் வட்டம் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம், பெயரைப் பலகையில் எழுதுவார்கள். கூட்டம் நடத்தலாம், நாற்காலி வாங்கித் தரலாம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியில் கட்டடம் கேட்டு மனு கொடுக்கலாம். பணம் கொடுக்க நமக்கு எத்தனையோ வழி உண்டு, அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கத்தான் வழி இல்லை.

கட்டடம் கிடைத்துவிட்டால் நூலகம் கிடைத்துவிட்டது என்று நினைப்பதன் விளைவை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று கட்டிக் கொடுத்தார்கள். இவை நூலகத் துறையின் கீழ் வரவில்லை, ஊராட்சியின் பொறுப்பில் விடப்பட்டன. கட்ட ஒருமுறை பணம் வந்தது. ஆள் வைக்க, பத்திரிகை போட, ஓட்டை அடைக்க ஆண்டுதோறும் பணம் வரவேண்டுமே, அது வரவில்லை. பல இடங்களில் திட்டத்தின் பெயர் எழுதிய சுவர் இருக்கிறது, கதவில் பூட்டும் இருக்கிறது. உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருப்பதையும் பார்க்கலாம். ஒரு நூலகத்துக்குத் திறப்பு விழாவில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட, ஐந்தாம் ஆண்டில் மின்கட்டணத்தை யார் கட்டுவார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பவரை விழா மேடையில் யாருக்கும் பிடிக்காது.

இப்போதைய சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்றும் இல்லாமல் இல்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். சென்ற ஆண்டு நூலக வரியாக எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது, எந்தத் தேதியில் என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்கள் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இதே கேள்விகளை எழுதி அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதே கேள்வியை மாவட்ட நூலக அலுவலருக்கும் தனியாக அனுப்பி வையுங்கள். இரண்டு பதிலிலும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.