வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறீர்களா? எந்த வட்டாரத்தில் வீடு பார்ப்பது?

வேலை உறுதியாகிவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாச்சு. அடுத்த கேள்வி, எங்கே வீடு பார்ப்பது?

கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

"ஆபீஸ் பக்கத்துலயே பாருங்க" என்பார் ஒருவர். "தேக்கா பக்கம்னா காய்கறி, கோயில் எல்லாம் கையெட்டுற தூரம்" என்பார் இன்னொருவர். "பொங்கோல் பாருங்க, எல்லாம் புது வீடு" என்பார் மூன்றாமவர்.

மூன்றும் தவறில்லை. ஆனால் கைக்குழந்தையோ பாலர் பள்ளி வயதுப் பிள்ளையோ இருக்கும் குடும்பம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

மாலையில் பிள்ளையை அழைத்துவரப் போவது யார்? அவர் எத்தனை மணிக்கு அங்குப் போய்ச் சேரமுடியும்?

அதற்குப் பதில் தெரிந்தால் வட்டாரங்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

மாலை 7 மணி ஏன் முக்கியம்?

சிங்கப்பூரில் முழுநாள் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாக வார நாள்களில் காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிவரை இயங்குகின்றன. சனிக்கிழமையில் பிற்பகல் 2 மணிவரை.

2 மாதத்திலிருந்து 18 மாதம் வரையிலான குழந்தைகளுக்குச் சிசுப் பராமரிப்பு. அதன் பிறகு 7 வயதுக்குள் இருப்போருக்குப் பிள்ளைப் பராமரிப்பு. எல்லா நிலையங்களிலும் சிசுப் பராமரிப்பு கிடையாது.

கிண்டர்கார்டன் வகுப்புகள் வேறு. அவை நாளுக்கு 3 அல்லது 4 மணி நேரம்தான். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "ஸ்கூல்" என்றே சொல்வதால் புதிதாக வருவோர் குழம்பிப்போவது உண்டு. விசாரிக்கும்போது "முழுநாளா?" என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை 6 மணிக்கு முடிகிறது. மின்தூக்கி, நடை, ரயில், பிறகு ஒரு பேருந்து. அது 50 நிமிடப் பயணம் என்றால் கையில் மிச்சம் 10 நிமிடம். மழை பெய்தாலோ கூட்டம் 5 நிமிடம் நீண்டாலோ அதுவும் போய்விடும். தாமதமாக வரும் பெற்றோரிடம் பல நிலையங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அதைவிட, மற்ற பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு நம் பிள்ளை மட்டும் பையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். தினமும் என்றால் வட்டாரத் தேர்வில்தான் கோளாறு.

பராமரிப்பு நிலையம் அலுவலகத்துக்குப் பக்கமா, வீட்டுக்குப் பக்கமா?

பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கம் இருப்பதே வசதி. உச்ச நேர ரயிலில் இரண்டு வயதுப் பிள்ளையோடு நிற்பது எளிதல்ல. அம்மா, அப்பா இருவரில் யார் முதலில் வந்தாலும் அழைத்துக்கொள்ளலாம். வேலை மாறினாலும் பிள்ளையின் இடத்தை மாற்றவேண்டியதில்லை.

அதனால், பிடித்த வட்டாரத்தில் வீடு பார்க்கும் முன்னரே அங்குள்ள நிலையங்களில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இளம் குடும்பங்கள் நிறைந்த வட்டாரங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம். நிலையங்கள் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பிடம் உரிமம் பெற்றிருக்கவேண்டும். அமைப்பின் இணையத்தளத்தில் வட்டாரவாரியாகத் தேடலாம்.

கட்டணத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கான அரசாங்க மானியம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே. வேலை அனுமதியில் வரும் குடும்பம் முழுக் கட்டணத்தையும் கட்டவேண்டும். வாடகையைத் தனியாகவும் பராமரிப்புக் கட்டணத்தைத் தனியாகவும் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்

சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, எங்கிருந்தும் போய்விடலாம் என்று நினைக்கலாம். உண்மையில் இரண்டு முறை ரயில் மாறும் பயணம் ஒரு மணி நேரத்தை எளிதில் தாண்டிவிடும்.

சாங்கி வர்த்தகப் பூங்காவில் வேலையா? அருகில் இருப்பது எக்ஸ்போ நிலையம். தெம்பனிஸிலிருந்து டௌன்டவுன் பாதையில் மூன்றாவது நிறுத்தம் அது. அதே தெம்பனிஸிலிருந்து கிழக்கு-மேற்குப் பாதையில் ராஃபிள்ஸ் பிளேசுக்கு மாறாமல் சுமார் அரை மணி நேரத்தில் போகலாம். ஒருவருக்குச் சாங்கி, மற்றவருக்கு நகர மையம் என்றால் இது பொருந்தும். உட்லண்ட்ஸில் வாடகை குறைவாகக் கிடைத்தாலும் அங்கிருந்து சாங்கிக்குத் தினமும் போய்வருவது களைப்புதான்.

ஒன்-நார்த் பகுதியில் வேலை என்றால் கிளமெண்டியைப் பார்க்கலாம். இரண்டு நிறுத்தம் தாண்டி புவன விஸ்தாவில் வட்டப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே ஒன்-நார்த்.

ஷென்டன் வே, மரினா பே பக்கம் வேலை என்றால் உட்லண்ட்ஸும் தூரமில்லை. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை நேராகவே போகிறது.

செங்காங், பொங்கோலிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஏறினால் தேக்காவுக்கும் டோபி காட்டுக்கும் நேரடி ரயில். ஆனால் அங்குப் பல வீடுகளிலிருந்து முதலில் எல்ஆர்டி ரயிலில் போய்த்தான் எம்ஆர்டி நிலையத்தை அடையவேண்டும். "எம்ஆர்டி பக்கம்" என்று விளம்பரம் சொன்னால், எந்த நிலையம், எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள்.

துவாஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை என்றால் நிறுவனப் பேருந்து எந்தெந்த வட்டாரங்களில் நிற்கிறது என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டபின் வீடு தேடுங்கள். ஷிஃப்ட் வேலைக்கு அது மிக முக்கியம்.

"இங்க புது எம்ஆர்டி வரப்போகுது" என்ற பேச்சையும் கேட்பீர்கள். குறுக்குத் தீவு ரயில் பாதையின் முதல் கட்டம் 2030ஆம் ஆண்டில் திறக்கத் திட்டமிடப்பட்டது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இன்று ஓடும் ரயில்தான் கணக்கு.

குறைந்த வாடகை உண்மையிலேயே மிச்சமா?

தள்ளியிருக்கும் வட்டாரத்தில் வாடகை குறையலாம். அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதையும் எழுதிப் பாருங்கள்.

ஒரு வழிக்கு 30 நிமிடம் கூடினால் நாளுக்கு ஒரு மணி நேரம். மாதத்தில் 22 வேலை நாள்கள். அம்மா, அப்பா இருவருக்கும் சேர்த்து 44 மணி நேரம். பிள்ளை இரவு 8 மணிக்குத் தூங்கும் வயது என்றால் அந்த நேரம் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் நேரத்திலிருந்துதான் குறையும்.

சில குடும்பங்களுக்கு அந்த மிச்சம் அவசியமாக இருக்கலாம். அதில் தவறில்லை. தெரிந்து முடிவெடுத்தால் சரி.

வீட்டில் இருக்கப்போகிறவரை மறந்துவிடாதீர்கள்

டிபெண்டண்ட் பாஸில் வரும் துணைவர் இங்கு வேலை செய்ய, பொதுவாகத் தனக்கென ஒரு வேலை அனுமதி பெறவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. ஆகவே முதல் சில மாதங்கள் ஒருவர் பிள்ளையோடு வீட்டில் இருக்க நேரிடலாம்.

வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகத்தில் நாலு பேர் பழக்கமாவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அந்த வட்டாரம்தான் உலகம். பகல் 11 மணிக்குத் தள்ளுவண்டியோடு நடந்துபோக என்ன இருக்கிறது? விளையாட்டு இடம், ஈரச்சந்தை, மருந்தகம், நூலகம் பக்கத்தில் இருக்கின்றனவா? தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங், பொங்கோல் ஆகிய இடங்களில் வட்டார நூலகங்கள் உள்ளன. தமிழ்ப் பிள்ளை நூல்களும் கிடைக்கும். பெரிய பேரங்காடியைவிட இவையே பல நாள் கைகொடுக்கும்.

பிறகு அவருக்கும் வேலை கிடைக்கலாம். அப்போது இரண்டாவது அலுவலகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று இப்போது தெரியாது. இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் மீண்டும் மாறவேண்டிய தேவை குறையும்.

நல்ல பள்ளிக்காக இப்போதே அதிக வாடகை கொடுக்கலாமா?

குடியுரிமையைப் பொறுத்தது.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தொடக்கநிலை ஒன்று பதிவில் தூரம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இடத்துக்குப் போட்டி இருந்தால் 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டருக்குள், அதற்கு அப்பால் என்ற வரிசையில் முன்னுரிமை. அப்படி முன்னுரிமை பெற்றால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் வசிக்கவேண்டும்.

அனைத்துலக மாணவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் வாய்ப்பு. இடம் உறுதியில்லை. விரும்பிய பள்ளி கிடைக்கும் என்றும் சொல்லமுடியாது. தொடக்கநிலை இரண்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் சேர்க்கைத் தேர்வு எழுதவேண்டும். ஆகவே வேலை அனுமதியில் வரும் குடும்பம் பெயர்பெற்ற பள்ளியின் வாசலில் வீடு எடுப்பதால் பெரிய பலன் இல்லை.

இந்தியப் பாடத்திட்டத்தை வழங்கும் அனைத்துலகப் பள்ளிகளை நினைத்திருந்தால் பள்ளிப் பேருந்தின் பயண நேரத்தைக் கேட்டுவிட்டு வட்டாரத்தை முடிவுசெய்யுங்கள்.

தமிழ் முக்கியம் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கிடையாது. சில பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகச் சீனம் மட்டுமே. கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் தாய்மொழிப் பாடங்களும் உள்ளன. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் சீனம், மலாய், தமிழ் மூன்றையும் கற்பிக்கின்றன. மற்றப் பாலர் பள்ளிகளில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

தமிழர்கள் அதிகம் வாழும் வட்டாரம் எது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 1989ஆம் ஆண்டிலிருந்து வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவியாமல் இருக்க அது வழிசெய்கிறது. அதனால் தமிழ்க் குடும்பங்கள் தீவு முழுவதும் பரவலாக இருக்கின்றன. தேக்கா கடைத்தெருவாகவே அதிகம் பயன்படுகிறது. செங்காங், ஈசூன், ஜூரோங் ஈஸ்ட் என்று பல வட்டாரங்களிலும் கோயில்கள் உண்டு. தேக்காவுக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். பிள்ளையை அழைத்துவர தினமும் போகவேண்டும்.

வீடு பிடித்திருக்கிறது. உடனே கையெழுத்து போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுப்பதில் வெளிநாட்டினருக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு. நிரந்தரவாசிகளும் இதில் அடங்குவர். மலேசியர்களுக்கு இது பொருந்தாது. வரம்பு எட்டிவிட்டால் உரிமையாளர் விரும்பினாலும் அந்த வீடு கிடைக்காது. உரிமையாளர் வீவகவிடம் அனுமதி பெற்ற பிறகே குடியேறவேண்டும்.

வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும் தனியார் வீட்டை 3 மாதத்துக்கும் வாடகைக்கு எடுக்கவேண்டும். "வந்து ஒரு மாசம் இங்க தங்கிப் பாருங்க" என்று யாராவது வீடு கொடுத்தால் ஏற்காதீர்கள். முதல் சில வாரங்களுக்கு ஹோட்டல் அல்லது உரிமம்பெற்ற சர்வீஸ் அபார்ட்மெண்ட்தான் முறை.

முகவர் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே முகவர் உங்களுக்கும் உரிமையாளருக்கும் சேர்ந்து செயல்படக்கூடாது. வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையாளவும் அனுமதியில்லை.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. 4 ஆண்டுக்கு மேற்போகாத ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, மாதம் 3,000 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 72,000 வெள்ளி. வரி 288 வெள்ளி.

இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் டிப்ளமேட்டிக் கிளாஸ் கேட்டுப் பெறுங்கள். வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள அது உதவும். வழக்கமாக 12 மாதம் முடிந்தபின் 2 மாத முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். வேலையை நம்பி வரும் குடும்பத்துக்கு இது அவசியம்.

கடைசியாக ஒரு சோதனை

பட்டியலில் இரண்டு வட்டாரங்கள் மிஞ்சியதும் நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒரு வேலை நாளில் மாலை 6 மணிக்கு அலுவலக வாசலிலிருந்து கிளம்புங்கள். ரயில் ஏறுங்கள். பராமரிப்பு நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து பிள்ளையோடும் தள்ளுவண்டியோடும் வீட்டுக்கு நடங்கள். பேருந்தில் ஏறவேண்டும் என்றால் தள்ளுவண்டியை மடிக்கத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டிலிருந்து அதற்கு அனுமதி உண்டு.

நிலையத்தை எத்தனை மணிக்கு அடைந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணி 6.40 என்றால் தாராளமாக வீட்டைப் பேசி முடிக்கலாம். 6.58 என்றால் பட்டியலில் உள்ள அடுத்த வட்டாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.