பாம்புக்கடி: சிறுநீரகத்தைக் காப்பது நேரம்தான்!

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காபிப் பழம் பறிப்பவர்கள் நாள் முழுக்கச் சருகுக்குள்தான் கால் வைக்கிறார்கள். அந்தச் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் ஒரு முழ நீளக் குழிவிரியன். அதன் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அடிவாரத்து வயல் வரப்புகளில் கண்ணாடி விரியன்.

இவை கடித்தால் பாதிப்பு கடிவாயோடு நிற்காமல் போகலாம். விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களை மடியச் செய்யும். சிறுநீர் குறையும், நிறம் கறுக்கும். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும்.

மரபணு சிகிச்சை உதவுமா?

திடீர் சிறுநீரகப் பழுதைத் தடுக்க மரபணு வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. அமெரிக்காவின் இண்டியானாவில், எலிகளின் சிறுநீரக ரத்தக்குழாய் வழியே பாதுகாப்பு மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள், பழுது குறைந்தது. செல்களை மடியவைக்கும் மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும் டெப்ரசிரான் என்ற மருந்தை, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலன் இல்லை. பாம்புக்கடிக்கு இப்படி ஒரு சிகிச்சை இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை.

இன்று கையில் இருப்பது

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ, அவ்வளவுக்குச் சிறுநீரகம் தப்பும். குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதற்காக, 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனை, சிறுநீர் அளவைக் கண்காணித்தல், தேவைப்பட்டால் டயாலிசிஸ் என எல்லாம் மருத்துவமனையில்தான் முடியும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

* கடிபட்ட கை, காலை அசைக்காமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது.
* 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.
* கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.
* வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பங்கு எளிது: தோட்டத்தில் முழங்கால் பூட்ஸ், கையில் ஒரு கம்பு, இருட்டில் டார்ச்.